பளிங்கு

படத்தைப் பெரிதாக்கினால் தெரிகிறது:
எலியாஸின் இடது காதுக்குப் பின்னால்
ஒரு சிவப்புப் புள்ளி.
கொசுக்கடி என்று விட்டிருக்கிறேன்.
புன்தா அரீனாஸில் கொசு ஏது?
இந்தக் காற்றில் மனுஷரே
கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் தெருமுனை திரும்புகிறோம்.

அவனுக்கு ஒட்டினாற்போல யஸ்னா.
ஏழு மெழுகுத்திரிகளை ஊதுவதற்காக
முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருக்கிறாள்.
தொப்பி விளிம்பில் புதிதாக முளைத்த முடி,
பீச் பழத் தோல் போல.
இரத்தப் புற்றுக்குக் கொடுத்த மருந்து
புற்றைத் தின்றது, காவலையும் சேர்த்துத் தின்றது.
அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும் அது.
செருப்பை வெளியே விட்டோம்,
முழங்கைவரை கழுவினோம்.
மூச்சை எப்படிக் கழுவ?

எங்கள் ஊரில் இந்த அம்மைக்குப் பளிங்கு என்று பேர்.
தோலில் நீர்க்கண்ணாடி பூக்கும், உடையும்,
பொருக்கு விழும், மறந்துபோகும்.
என் மகனுக்கு அப்படித்தான்.
ஓட்ஸ் கரைத்த வெந்நீர், பத்து நாள் பள்ளி இல்லை.
முதுகில் எண்ணிக்கொண்டே வந்தேன்,
நாற்பத்திரண்டில் அவனுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு.

விருந்து சனிக்கிழமை.
ஞாயிறு இரவே உடம்பெல்லாம் போட்டுவிட்டது.
மிர்த்தாவைக் கூப்பிட்டது புதன்.
நடுவில் என்ன செய்தேன்?
திங்கள் ரொட்டிக்கடையில் இரவு அடுப்பு.
செவ்வாய், மாவுக் கையோடு
அவள் பெயர்வரை போய், ஃபோனை வைத்துவிட்டேன்,
சொல்லாதவரை நடக்கவில்லை என்பதுபோல.

அவள் கத்தவில்லை.
‘கேக் வெட்டியது எத்தனை மணிக்கு?’
‘ஐந்துக்கு.’
அந்தப் பக்கம் பென்சில் கீறும் சத்தம்.
தொண்ணூற்றாறு மணி நேரத்தில்
எண்பத்தொன்பதைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

ஊசி சந்தியாகோவில் இருந்தது.
அதைக் கொண்டுவந்த விமானம் நீரிணைக்கு மேல்
இரண்டு தரம் வட்டமடித்து, இறங்க முடியாமல்
திரும்பிப் போனது. வியாழன் போட்டார்கள்.
பிந்தினாலும் பலிக்கும் என்றார் டாக்டர் ஒயார்சூன்.
சிலருக்கு,
என்று பிறகு சேர்த்தார்.

பதினாறாம் நாள் யஸ்னாவுக்கு வயிற்றுவலி.
முழங்காலை மார்போடு மடக்கி
மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாளாம்.
தோலில் ஒன்றுமில்லை.
குடல்வால் என்று சந்தேகப்பட்டார்கள்.
இரண்டு நாள் கழித்துத்தான்
வயிற்றில் மூன்று, கன்னத்தில் ஒன்று.
நீர் அல்ல, உள்ளே கறுத்த இரத்தம்.
பளிங்கு இந்தத் தடவை உள்பக்கமாகப் பூத்திருந்தது,
ஈரலில், இரண்டு நுரையீரலிலும்.
எக்ஸ்ரேயில் பனி கொட்டுகிறது என்றார் ஸ்லாவ்கோ,
அவளுடைய அப்பா. துறைமுகத்தில் க்ரேன் ஓட்டுகிறவர்.
எதையும் வானிலையாகத்தான் சொல்லத் தெரியும் அவருக்கு.

எட்டு மணிக்கொரு தரம் அசைக்ளோவிர்.
பதினொரு நாள் அவளுக்காகக் குழாய் மூச்சு விட்டது.
அதுவரை புற்றுக்கான மருந்தை நிறுத்திவைத்தார்கள்,
ஒன்றைக் கட்ட இன்னொன்றை அவிழ்த்துவிட்டு.

எலியாஸ் பள்ளிக்குத் திரும்பினான்.
யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை, என்னையும்.
இழுப்பறையில் அவனுடைய தடுப்பூசி அட்டை.
ஒரு கட்டம் மட்டும் வெள்ளை.
அன்று அவனுக்குச் சளி,
அப்புறம் கடை, அப்புறம்
அப்புறம்தான்.

நேற்று மிர்த்தா கடைக்கு வந்தாள்.
பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள்,
இரவில் மட்டும் ஆக்ஸிஜன்.
ஆறு ரொட்டி கேட்டாள்.
‘உன் பையனுக்குத் தழும்பு போய்விட்டதா?’
‘நெற்றியில் ஒன்று நிற்கிறது.’
‘இவளுக்குக் கன்னத்தில்’ என்றாள்.
மீதிச் சில்லறையை நீட்டினேன்.
தட்டில் வைக்கும்வரை காத்திருந்து எடுத்துக்கொண்டாள்.

வெளியே போகையில் கதவைக் காற்று பிடுங்கியது.
அவள் அந்தப் பக்கமிருந்து தள்ள
நான் இந்தப் பக்கமிருந்து இழுக்க
சாத்துவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கிவிட்டது.